நடு மடிப்பில் ஒரு காடு

ஜூலை கடைசியில் எங்கள் ஆலையில் மாங்கூழ் சீசன் முடிந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவளுக்கு மே மாதம் தொடங்கி மூன்று மாதம் கோட்டையும் கிடையாது, கொற்றவையும் கிடையாது. லாரி எடைச்சீட்டும் பெங்களூரா மாங்காயின் அன்றைய விலையும்தான். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மடிக்கணினியைத் திறந்து ‘கல்பேசும் கணவாய்’ கோப்பைப் பார்த்தேன். என்னுடைய இரண்டாவது மிகுபுனைவு நாவல். எழுதி முடித்தாயிற்று. ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் அச்சுப் பிரதி கையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

முதல் நாவலை, காசு வாங்கிக்கொண்டு எல்லாம் செய்து தருகிறோம் என்ற ஓர் இடத்தில் கொடுத்திருந்தேன். அட்டையில் ஐரோப்பியக் கோட்டை, உள்ளே பக்கத்துக்கு நாலு ஒற்றுப்பிழை. படித்தவர்கள் அதையெல்லாம்கூட மன்னித்துவிட்டார்கள். “மேப் ஒண்ணு போட்டிருக்கலாமே, யாரு எங்கிருந்து எங்க போறாங்கன்னே தெரியல” என்று ஏழெட்டுப் பேர் சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்தத் தடவை எல்லாம் நானே செய்வது, முதலில் வரைபடத்தைத் தொடுவது என்று முடிவு செய்தேன்.

வரைபடம் கதையைத் திருத்தியது

என் கதை நாட்டில் பன்னிரண்டு கோட்டைகள். அந்தக் கணக்கு என் கற்பனை இல்லை. நம் ஊர்ப்பக்கத்துக்குப் பழைய பெயரே பாரா மகால்; பாரா என்றால் பன்னிரண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன பகுதி. சையத் பாஷா மலையும் ராயக்கோட்டையும் கண்ணெதிரே இருக்கும்போது கோட்டைக்கு நான் ஸ்காட்லாந்து போக வேண்டியதில்லை. கணவாய்க்குத் தொப்பூர். பேசும் கல்லுக்குத் தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடு பொருதி, தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு விழுந்தவனுக்கு எடுத்த கல். என் நாவலில் அந்தக் கல்லுக்குள் இருப்பவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான் நான் கூட்டிச் சேர்த்தது.

ஒரு முழுச் சார்ட் தாளில் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று அளவு வைத்தேன். அளவு வைத்ததுதான் வினை. ஒன்பதாம் அத்தியாயத்தில் தூதுவள் நாகம்மை மூங்கில்துறையில் இருந்து புளி ஏற்றிய மாட்டு வண்டியில் ஏறி, விடிவதற்குள் கணவாய்க்கு வந்து சேர்கிறாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பதினான்கு சென்டிமீட்டர். எழுபது கிலோமீட்டர்.

போச்சம்பள்ளிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். ஒரு காலத்தில் சந்தைக்குப் புளி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்.

“பாரம் ஏத்தின வண்டி ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போகும் பெரியப்பா?”

“பொழுதுக்கும் ஓட்டினா இருவது, இருவத்தஞ்சு கிலோமீட்டர் போவும் கண்ணு. மேடு வந்துட்டா அதுவும் இல்ல. மாடு என்ன மோட்டாரா?”

ஆக, ஒரே இரவு என்று நான் எழுதியது மூன்று நாள் பயணம். மூன்று நாள் என்றால் மாட்டுக்குத் தீவனம் வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், இரண்டு இரவு எங்கேயாவது தங்க வேண்டும். வண்டிக்காரனுக்கு அதுவரை பெயரே வைக்கவில்லை. இப்போது அவனுக்குப் பெயரும் ஒரு மனைவியும் கொஞ்சம் கடனும் வந்து சேர்ந்தன. நாவலில் எனக்கு இன்று மிகவும் பிடித்த ஆள் அவன்தான்.

இதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. கணக்கு எழுதுகிற புத்தி. ஆலையில் சரக்கு வரவு எழுதுவதுபோல் ஒரு விரிதாள் போட்டேன். அத்தியாயம், இடம், திதி, முந்தைய இடத்திலிருந்து தூரம், யாருக்கு எங்கே காயம், யார் கையில் என்ன பொருள். திதிப் பத்தி நிரம்பியதும் இன்னொரு பூதம் கிளம்பியது. பதினோராம் அத்தியாயம் அமாவாசை. நான்கு நாள் கழித்து நடக்கும் பன்னிரண்டில் “நள்ளிரவு நிலவு வெள்ளமாய்ப் பொழிந்தது” என்று எழுதி வைத்திருக்கிறேன். நான்காம் பிறை பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்தில் மறைந்துவிடும். நள்ளிரவில் அது எங்கே பொழிவது? அந்தக் காட்சியை முன்னிரவுக்கு மாற்றி, பிறை மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அவள் ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்று வைத்தேன். சும்மா அழகுக்கு இருந்த நிலா இப்போது கடிகாரமாக வேலை செய்கிறது. இடது கையில் வெட்டுப்பட்டவன் அதே கையால் வில் இழுத்ததும் அந்த விரிதாளில்தான் மாட்டியது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வௌ்ளி

செப்டம்பரில் ஒரு கோட்டையின் பெயரை மாற்ற வேண்டி வந்தது. தேடி மாற்றினால் பாதி இடங்களில்தான் மாறியது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் ‘கோ’ கோப்புக்குள் இரண்டு விதமாக இருந்தது. கொஞ்சம் கைப்பேசியில் தட்டியது, கொஞ்சம் மடிக்கணினியில் அடித்தது, கொஞ்சம் பழைய பாமினி எழுத்துருவில் இருந்து மாற்றியது. சில இடங்களில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், சில இடங்களில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடுகளாகவும் கிடந்தது. தேடும்போது கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஒற்றைக் குறியீடாக மாற்றினேன். இது சுலபம், ஆபத்தில்லை.

அந்தத் தைரியத்தில் அடுத்த வேலையைச் செய்ததுதான் முட்டாள்தனம். ‘பௌர்ணமி’, ‘மௌனம்’ போன்ற சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு பக்கத்தில் ‘ள’வை அடித்திருந்தேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சரி, கொம்புக்கு அடுத்து ‘ள’ வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரே தட்டில் கட்டளை கொடுத்தேன். ஆயிரத்துச் சொச்சம் மாற்றங்கள் என்று வந்தது. மௌனம் இவ்வளவு எழுதியிருக்கிறேனா என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. அப்புறம் பார்த்தால் வெள்ளி ‘வௌ்ளி’ ஆகிவிட்டது. வெள்ளம் ‘வௌ்ளம்’. தெளிவு ‘தௌிவு’. இணையத்தில் பழைய நூல்களின் தட்டச்சுப் பிரதிகளில் இந்த ‘வௌ்ளை’யைப் பார்த்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

கோப்பை மூடித் திறந்துவிட்டதால் பழையபடி கொண்டுவர முடியவில்லை. திருத்தியது இப்படி: ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது நிச்சயம் பிழை, ஏனென்றால் தமிழில் அப்படி ஓர் எழுத்தே இருக்க முடியாது. லிப்ரே ஆபீஸில் ஒழுங்குக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிற தேடல் வாய்பாடு) வைத்து அந்த இடங்களை மட்டும் கொம்பும் ‘ள’வுமாகத் திருப்பினேன். வெள்ளியும் தெளிவும் வந்துவிட்டன. மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வண்டிக்காரன் பேச்சில் வரும் “கெளம்பு” எல்லாம் “கௌம்பு” என்று ஒளிந்திருந்தது. அதைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது என் கண் இல்லை, காது. கைப்பேசியில் தமிழ் வாசிப்புக் குரலை ஓடவிட்டு, நான் சமையல்கட்டில் கேழ்வரகு மாவு கிளறிக்கொண்டே முழு நாவலையும் கேட்டேன். கண் தாண்டிப் போகும் பிழையில் அந்தக் குரல் தடுக்கி விழும். விட்டுப்போன சொற்கள், இரண்டு முறை வந்த வரி எல்லாம் அதில்தான் சிக்கின.

பிறகு ரவுண்டானா பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, மூன்று பேருக்குக் கொடுத்தேன். காவேரிப்பட்டணத்தில் தமிழாசிரியராக இருக்கும் தோழி திருப்பிக் கொடுத்த பிரதி முழுக்கச் சிவப்பு மை. கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒற்று மட்டும்தான்.

பக்கம் அமைத்தது

இதில் சொல்ல அதிகம் இல்லை. டெமி எட்டில் ஒன்று அளவு, ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, 11 புள்ளி (பாயின்ட்) அளவு. நம் சொற்கள் நீளமானவை என்பதால் இரு ஓரமும் சமன் செய்தால் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். மென்பொருளை உடைக்கச் சொன்னால் ஒவ்வொரு உடைப்பிலும் ஒரு சிறுகோடு போடுகிறது. தமிழ்ப் புத்தகத்தில் அந்தக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. மோசமான வரிகளில் மட்டும், உடைய வேண்டிய இடத்தில் அகலமில்லா இடைவெளிக் குறியை நானே செருகினேன். சொல் கோடு இல்லாமல் உடையும். புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் வந்து உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மொத்தம் 310 பக்கம் வந்தது. ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 19 ஃபாரம் என்றால் 304, 20 என்றால் 320. ஆறு பக்கத்துக்காக ஒரு ஃபாரம் கூட ஏற்றி, பின்னால் பத்து வெற்றுப் பக்கம் விட மனசு வரவில்லை. வரி இடைவெளியை 15 புள்ளியில் இருந்து 14.5 ஆக்கியதும் வரைபடத்தையும் சேர்த்து 304-க்குள் அடங்கியது.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இதற்கிடையில் விண்ணப்பித்திருந்தேன். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருவது, கட்டணம் இல்லை, எழுத்தாளர் தன் பெயரிலேயே வாங்கலாம். முதல் நாவலுக்கு இதற்கென்று ஒரு தொகையைத் தனியாக வாங்கியிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்து அன்று இரவு தூக்கம் போனது.

டம்மி

சேலத்தில் ஓர் அச்சகத்தில் 500 பிரதிக்குப் பேசினேன். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் என்று முடிவானதால், ஒரு தாளுக்கு 0.1 மில்லிமீட்டர் தோராயமாக வைத்து, 152 தாளுக்கு முதுகு 15 மில்லிமீட்டர் என்று அட்டையை வடிவமைத்தேன். நவம்பர் முதல் வாரம் அவர்கள், “அக்கா, அந்தத் தாளு இப்ப இல்ல, நேச்சுரல் ஷேட் போட்டுக்கலாமா, நாவலுக்கு அதுதான் நல்லா இருக்கும்” என்றார்கள். இளமஞ்சள் நிறம், கண்ணுக்கு இதம், சரி என்றேன். ஆனால் அதே பக்கங்களுக்கு வெற்றுத்தாளில் ஒரு டம்மி கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் யாராக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்கி அளந்தேன். முதுகு 18 மில்லிமீட்டர். பழைய அளவிலேயே அட்டை அச்சாகியிருந்தால் முன்னட்டையின் ஓரம் முதுகுக்கு வழிந்து, முதுகுத் தலைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அளவைத் திருத்தியதோடு முதுகின் நிறத்தையே இரு அட்டைக்கும் தொடரவிட்டேன். இனி ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படிப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

டம்மியால் நடந்த இன்னொரு காரியம்தான் பெரியது. வரைபடத்தை 8, 9 பக்கங்களில், முதல் ஃபாரத்தின் நடுவில் வைத்திருந்தேன். அங்கே இரண்டு பாதியும் ஒரே தாளில் ஒன்றாக அச்சாகும், கோடு விலகாது என்று படித்த புத்தி. ஜெராக்ஸ் எடுத்த வரைபடத்தை டம்மியில் ஒட்டி விரித்தேன். கணவாயைக் காணோம். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகைச் சீவிப் பசை வைப்பதால் புத்தகம் தட்டையாக விரியாது. நடுவில் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. நாவலின் பெயரே கணவாய். அது நேராக மடிப்புக்குள் விழுந்துவிட்டது.

தைத்துக் கட்டலாம் என்றால் செலவு கூடும். வரைபடத்தைச் சாய்த்து ஒரே பக்கத்தில் போட்டால் ஊர்ப்பெயர்கள் எறும்பு அளவு. இரண்டு நாள் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது: மடிப்பில் எதுவும் இல்லாத நிலத்தை வைத்தால் என்ன? கிழக்கே கிடந்த ஈச்சங்காட்டைத் தூக்கி நடுவில் போட்டேன். கணவாய் வலது பக்கத்துக்கு நகர்ந்தது. காட்டில் பாதை இல்லை, ஊர் இல்லை, படிப்பதற்கு ஒன்றும் இல்லை. பள்ளத்துக்குள் போனாலும் நஷ்டமில்லை.

வரைபடத்தில் நஷ்டமில்லை, கதையில் உண்டு. மேற்குக் கோட்டைகளில் இருந்து கணவாய்க்குப் போகிற எவனும் இனி காட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். பதினான்காம் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். போனவர்கள் அளந்து சொல்லும் தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும் காடு அது. நடுவே கொஞ்சம் நிலம் மடிந்து கிடப்பதாக ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். மூன்று வருஷமாக வராத யோசனை, பசை டப்பாவில் இருந்து வந்தது.

வரைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மலைக்கெல்லாம் சாம்பல் நிறம் தீட்டியிருந்தேன். ஒற்றைக் கறுப்பு மையில் சாம்பல் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் அச்சாகும். மாதிரியில் மலை அழுக்குத் துணி மாதிரி வந்தது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு வெறும் கோடும் கையால் வைத்த புள்ளியுமாக மறுபடி வரைந்தேன். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, சுத்தக் கறுப்பு வெள்ளை ஆக்கி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோட்டுருவாக மாற்றினேன். அரைப் புள்ளி (பாயின்ட்) கனத்துக்குக் கீழே எந்தக் கோடும் வைக்கவில்லை. ஆற்றின் பெயரை எழுத்துக்கு எழுத்து அகட்டி வளைத்து ஓடவிடப் பார்த்தேன். கொம்பு ஒரு கரையில், எழுத்து மறு கரையில் நின்றது. ஆற்றுப் பெயர்களை மட்டும் கையாலேயே எழுதிவிட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் உள்ளே வெள்ளை நிரப்பினேன். அப்போதுதான் பின்னால் இருக்கும் மலைக்கோடு மரத்தின் ஊடே தெரியாது. இந்த வெள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியானையில் வந்தது

டிசம்பர் இரண்டாம் வாரம் புத்தகம் வந்தது. ஒரு பிரதி சுமார் 340 கிராம், 500 பிரதி 170 கிலோ. எழுதும்போது இந்த எடை யாருக்கும் தோன்றுவதில்லை. இருபது இருபதாக 25 கட்டு. பார்சல் ஆபீஸில் இருந்து ஒரு குட்டியானை வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்காரர் தரையில் செங்கல் வைத்துப் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் அடுக்கினார். கரையான் பயம்.

அன்று சாயங்காலம், ஆறாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிரதியை எடுத்து வரைபடத்தின் மேல் விரல் வைத்து எண்ணினாள்.

“அத்த, பின்னாடி அட்டையில பன்னண்டு கோட்டைன்னு இருக்கு. இங்க பதினொண்ணுதான் இருக்கு.”

நானும் எண்ணினேன். வீட்டுக்காரரும் எண்ணினார். பதினொன்றுதான். காட்டைத் தூக்கி நடுவில் வைத்தபோது மரங்களின் அடுக்கு ‘நிழற்கோட்டை’ என்ற கோட்டைக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே நிரப்பிய வெள்ளை கோட்டையையும் பெயரையும் சேர்த்து மறைத்துவிட்டது. ஸ்பைரல் பிரதியில் மூன்று பேரும் பார்த்தது காடு நகர்வதற்கு முந்தைய படம். நகர்ந்த பிறகு சரிபார்த்தது நான் ஒருத்திதான். நான் பார்த்தது கணவாயை மட்டும்.

பிழைதிருத்தச் சீட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். “ஒரு கோட்டை விடுபட்டுள்ளது” என்று அச்சடித்து ஒட்டுவதைவிடக் கேவலம் இல்லை. காட்டின் மேற்கு ஓரத்தில், மலைக்கும் மரத்துக்கும் நடுவே, விரல் நகம் அளவுக்கு வெள்ளை இருந்தது. மடிப்பில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி. கோட்டைக் குறியும் பெயருமாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். ஸ்டாம்ப் கடைக்காரர், “என்னா ஆபீஸ் மேடம் இது?” என்று கேட்டார். புத்தகத்துக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

சாதாரண ஸ்டாம்ப் பேட் மை அந்தத் தாளில் லேசாகக் கசிந்தது. பேடில் ஒரு தடவை தொட்டு, முதலில் பழைய காகிதத்தில் ஒரு குத்து, இரண்டாவது குத்தைப் புத்தகத்தில் என்று வைத்ததும் கோடு சுத்தமாக விழுந்தது. உடனே மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தினசரித் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து நடுவில் வைத்தோம். சரியான இடத்தில் விழ, ஒரு அட்டையில் ஓட்டை வெட்டிப் பக்கத்தின் மூலையோடு பொருத்தி வைத்துக்கொண்டோம். நான் குத்த, வீட்டுக்காரர் விரித்துப் பிடிக்க, அந்தப் பெண் காகிதம் செருக, இரண்டு சாயங்காலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது.

கன்னிமரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி என்று நான்கு நூலகங்களுக்குப் பதிப்பித்தவர் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நன்றாக விழுந்த நான்கை அதற்கு எடுத்துக் கட்டி வைத்தேன்.

மை தீற்றிப் போனவை பதினொன்று. தலைகீழாகக் குத்தியவை மூன்று. தீற்றியவற்றை நண்பர்களுக்கு வைத்துக்கொண்டேன். தலைகீழ்க் கோட்டை இருக்கும் ஒன்றை அந்தப் பெண் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.